பொத்தானை அழுத்தும் முன் ஒரு வரி: உயர்நிலை வகுப்பில் ஆறு ஆண்டுகள்

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை கணிதமும் இயற்பியலும் எடுக்கிறேன். வகுப்பில் டிஜிட்டல் கருவிகளைப் பயன்படுத்தத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. எது இன்னும் கூடவே வருகிறது, எதை நடுவில் விட்டேன் என்று கேட்கும் சக ஆசிரியர்களுக்காகவும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டு முழுக்கப் புரொஜெக்டரில் சிமுலேஷன்களை (சோதனைகளைத் திரையில் செய்துகாட்டும் நிரல்களை) ஓடவிட்டு நானே விளக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, “சூப்பரா இருக்கு சார்” என்றார்கள். இரண்டு வாரம் கழித்து அதே பாடத்தில் கேள்வி கேட்டால், திரையில் எது எங்கே நகர்ந்தது என்பது நினைவிருந்தது. ஏன் நகர்ந்தது என்று கேட்டால் பதில் இல்லை. கரும்பலகையில் செய்துவந்ததையே திரைக்கு மாற்றியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஆண்டு ஒரே ஒரு வழக்கத்தைச் சேர்த்தேன். பொத்தானை அழுத்தும் முன், என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். பேனாவில்தான் எழுத வேண்டும், தப்பானாலும் அடிக்கக் கூடாது. மதிப்பெண் கிடையாது. என் வகுப்பில் உண்மையான மாற்றம் வந்தது இதற்குப் பிறகுதான்.

ஜியோஜீப்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய, வரைபடங்களையும் வடிவங்களையும் நகர்த்திப் பார்க்க உதவும் கணித மென்பொருள் இது. இருபடிச் சார்பின் மூன்று கெழுக்களுக்கும் ஆளுக்கொரு ஸ்லைடர் வைத்துவிடுவேன். எக்ஸ் வர்க்கத்தின் கெழுவை நகர்த்தினால் பரவளையம் குறுகும், விரியும். மாறிலியை நகர்த்தினால் மேலும் கீழும் போகும். இவற்றைப் பாதி வகுப்பு சரியாகவே ஊகித்துவிடும். நடுவில் இருக்கும் எக்ஸின் கெழுதான் விஷயம். “இடமும் வலமும் நகரும்” என்று ஏறக்குறைய எல்லோருமே எழுதுவார்கள். ஸ்லைடரை இழுத்தால் பரவளையம் பக்கவாட்டில் போகும்போதே கீழேயும் இறங்கும். ஒரு வகுப்பில் முனைப்புள்ளி போகும் தடத்தைத் திரையில் பதிக்கும் டிரேஸைப் போட்டுவிட்டு நான் ஒன்றும் பேசாமல் நின்றேன். புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அதிகம் வாய் திறக்காத ஒரு மாணவி எழுந்து, “சார், அதுவும் பரவளையம்தான். கவிழ்ந்து கிடக்கு, ஆனா அதே அகலம்” என்றாள். ஏன் அப்படி என்று கேட்டதும் பலகைக்கு வந்து வர்க்கப் பூர்த்தி செய்து முனைப்புள்ளியின் ஆயங்களைக் கண்டுபிடித்தாள். இரண்டு இடத்தில் குறி தவறியது, பின் பெஞ்சிலிருந்து ஒருவன் திருத்தினான். வர்க்கப் பூர்த்தி எதற்கு என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த வகுப்பு அது. அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை.

இயற்பியலில் நான் அதிகம் நம்புவது ஃபைஃபாக்ஸ் செயலியை. ஜெர்மனியின் ஆஹன் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். ஃபோனுக்குள் இருக்கும் சென்சார்களை அளவுகோலாக்கித் தருகிறது. ஃபோனை ஒரு உறையில் வைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டால் அதுவே தனி ஊசல். சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப் சென்சாரை வைத்துச் செயலி அலைவு நேரத்தைக் கணக்கிடும், அதே வைஃபையில் இருக்கும் லேப்டாப்பின் பிரவுசரில் கிராஃப் உடனுக்குடன் வரும். (கீழே தலையணை போட மறக்காதீர்கள்.) ஒரு மீட்டர் நீளத்துக்கு 2.0 விநாடி. அலைவு நேரம் வீச்சை, அதாவது எவ்வளவு இழுத்துவிடுகிறோம் என்பதை, சார்ந்ததல்ல என்று மனப்பாடம் செய்து வந்தவர்கள், 60 பாகை வரை இழுத்துவிட்டாலும் அதே 2.0தான் என்று எழுதினார்கள். முதல் சில அலைவுகளில் 2.1ஐத் தாண்டியது. நூல் நழுவிவிட்டது என்று ஒரு குழு முடிச்சை அவிழ்த்துக் கட்டியது. மறுபடியும் அதேதான். சிறிய வீச்சுக்கு மட்டும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் அந்தச் சின்ன நிபந்தனையை அன்றைக்குத்தான் வகுப்பு முழுதும் தேடிப் படித்தது.

ஃபெட் சிமுலேஷன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயற்பியலுக்கு நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். தொடர் இணைப்பில் முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும், இரண்டாவது மங்கலாக எரியும் என்ற நம்பிக்கையை உடைக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அதில் நாம் மாற்றாதவரை பேட்டரிக்கு அக மின்தடையே இருக்காது. பக்க இணைப்பில் எத்தனை பல்பு சேர்த்தாலும் வெளிச்சம் குறையாது. நிஜ பேட்டரியில் ஒவ்வொரு பல்பு சேரும்போதும் மற்றவை கொஞ்சம் மங்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் பாடம்.

நிறுத்தியவற்றில் முக்கியமானது, புள்ளிகளும் தரவரிசையும் கொடுக்கும் ஒரு கட்டணச் செயலி. பிள்ளைகள் கேள்வியைப் படிக்காமலே விடைகளைத் தட்டத் தொடங்கினார்கள், வேகத்துக்குத்தான் அங்கே மரியாதை. பிறகு அந்த நிறுவனம் சேவையையே மூடியது. இரண்டு ஆண்டுப் பதிவுகள் போயின. பிள்ளைகளின் கணிப்புகளை நோட்டில் வைத்திருந்தது அப்போது பெரிய ஆறுதல்.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டுப்பாடங்கள் ஒரே அச்சில் வரத் தொடங்கின. தடை போட்டுப் பார்த்தேன், பயனில்லை. இப்போது அதற்கும் அதே வழக்கம்தான்: முதலில் உன் விடை, பிறகு அதைக் கேள், இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று எழுது. பாதிப் பேர் ஒழுங்காகச் செய்கிறார்கள். மீதிப் பேரை உட்காரவைத்து வாய்மொழியாகக் கேட்கிறேன். நேரம் பிடிக்கிறது, ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

கருவி எண்ணிக்கை பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஆளுக்கொரு ஃபோன் வேண்டாம். மூன்று பேருக்கு ஒன்று போதும். ஒருவர் கையில் ஃபோன் இருந்தால் மற்ற இருவரும் வாதாடுவார்கள், எனக்கு வேண்டியது அந்த வாதம்தான். வீட்டில் ஃபோன் இல்லாத பிள்ளை கூனிக் குறுகி உட்காரும் நிலையும் வராது.

அடுத்த வாரம் ஒலியின் வேகம். இரண்டு ஃபோன்களை 5 மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒலியில் இயங்கும் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, இந்தப் பக்கம் ஒரு கைத்தட்டல், அந்தப் பக்கம் ஒரு கைத்தட்டல்: முதலாவது இரண்டு ஃபோன்களிலும் ஸ்டாப்வாட்சைத் தொடங்கும், இரண்டாவது நிறுத்தும். இரண்டு ஃபோன்களும் காட்டும் நேரங்களுக்கு இடையில் ஏறக்குறைய 0.03 விநாடி வித்தியாசம் வர வேண்டும். கணிப்புகளை எழுதி வாங்கிவிட்டேன். “இவ்வளவு கிட்டத்தில் ஃபோனால் அளக்கவே முடியாது” என்று பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள்.