தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார்: எது கிடைக்கும், எங்கே சிக்கும்

சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் இந்த கவுன்சில் ஒரு ரூபாய்கூட இழப்பீடு வாங்கித் தராது. அதன் கையில் இருப்பது மருத்துவர் பதிவேடு. எச்சரிக்கலாம், பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். பணத்துக்கு நுகர்வோர் ஆணையம்தான், அங்கே 2 ஆண்டுக் கெடு. கவுன்சில் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு கைநழுவிவிடும். இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள்.

புகார் தோற்பது பெரும்பாலும் காகிதத்தில்தான். டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் முடிந்தபின் எழுதுவது; மணிக்கு மணி நடந்தது கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். அதோடு நர்ஸ் குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துத் தாள், சம்மதப் படிவம் என்று பெயர் சொல்லி எழுத்தில் கேட்டு, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். மருத்துவர்களுக்கான 2002 நன்னடத்தை விதிப்படி உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். மறுப்பதே தனிக் குற்றம். இந்தப் புகார் நடைமுறையில் நோயாளிக்குக் கிடைத்த ஆகச் சிறந்த ஆயுதம் இதுதான்.

புகாரில் மருத்துவர் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். எண் மருந்துச் சீட்டிலேயே இருக்க வேண்டியது. ஆஸ்பத்திரி மீதான குறை என்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் போங்கள். பல் மருத்துவருக்கும் சித்த மருத்துவருக்கும் வேறு கவுன்சில்கள்.

"அலட்சியம்" என்று மட்டும் எழுதினால், "இது எதிர்பார்க்கக்கூடிய சிக்கல்தான்" என்று பதில் வரும், புகார் அதோடு படுத்துவிடும். ஆபரேஷனுக்குப்பின் 4 மணி நேரம் பி.பி. குறிக்கப்படவில்லை என்று தாளைக் காட்டி எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். தீர்ப்பவர்களும் மருத்துவர்களே, அவர்களுக்குப் புரிவது அந்த மொழி.

6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. தாண்டினால் டெல்லியில் இருக்கும் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு மாற்றக் கோரி மனு போடலாம்.

பெரிய ஓட்டை மேல்முறையீட்டில். 2002 விதி, பாதிக்கப்பட்ட யாரும் 60 நாளில் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 30, மருத்துவரை மட்டுமே சொல்கிறது; அதைக் காட்டி நோயாளிகளின் மனுக்களை டெல்லி திருப்பி அனுப்பியிருக்கிறது. இது அநியாயம், சட்டத்தையே திருத்த வேண்டும். 2002 விதிக்குப் பதிலாக 2023 ஆகஸ்ட் 2-இல் வந்த புது விதிகளும் மூன்றே வாரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. புகார் தள்ளுபடியானால் 60 நாளுக்குள் ஸ்பீட் போஸ்டில் மேல்முறையீட்டை டெல்லி ஆணையத்துக்கு அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்தால், அந்தக் கடிதத்தையே உயர் நீதிமன்ற ரிட் மனுவோடு இணைக்கலாம்.