கன்னத்துச் செல்களும் பாக்டீரியாவும் ஒரே வட்டத்தில்: வீட்டு மைக்ரோஸ்கோப், நான்கு மாதத்துக்குப் பிறகு

பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்காக இந்த மைக்ரோஸ்கோப்பை 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். 4, 10, 40, 100 மடங்கு லென்ஸ்கள், கண் வைத்துப் பார்க்கும் பக்கத்தில் 10 மடங்கு ஐபீஸ், அடியில் எல்இடி விளக்கு.

புரோகேரியோட்டிக் செல்லில் உட்கரு இல்லை, யூகேரியோட்டிக் செல்லில் உண்டு, அதில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் துகள் 70எஸ், இதில் 80எஸ் (எஸ் என்பது துகள் படியும் வேகத்துக்கான அலகு) என்று மகள் கடகடவென ஒப்பித்தாள். "சரி, எது எவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன். பதில் இல்லை. மைக்ரோஸ்கோப் வாங்குவது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

முதல் நாள் பல்குச்சியின் மழுங்கிய முனையால் உள்கன்னத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடியில் தேய்த்து, ஒரு சொட்டு மெத்திலீன் நீலச் சாயம் விட்டோம். 40 மடங்கு லென்ஸில் ஓரம் மடிந்த அப்பளம் போல வெளிர்நீலச் செல்கள். ஒவ்வொன்றிலும் கருநீலப் பொட்டாக உட்கரு. "அம்மா, செல்லு மேல தூசி ஒட்டியிருக்கு" என்றாள். நானும் பார்த்தேன். அந்தத் தூசி எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நின்றன. வாயில் வாழும் பாக்டீரியா! செல்லின் அகலம் 50, 60 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அவையோ ஒரு மைக்ரான் அளவுதான். கன்னத்துச் செல் யூகேரியோட்டிக், பாக்டீரியா புரோகேரியோட்டிக் என்று பாடத்தின் இரண்டு வகையும் ஒரே வட்டத்துக்குள் இருந்ததைப் பார்த்து எனக்குச் சிலிர்த்துவிட்டது.

100 மடங்கு லென்ஸுக்கு இம்மர்ஷன் ஆயில் வேண்டும். கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒளி வளைந்து விலகி எல்லாம் மங்கல்தான். பெட்டியில் அந்த எண்ணெய் இல்லை, வேண்டும் என்ற குறிப்பும் இல்லை. ஒரு வாரம் லென்ஸே பழுது என்று நினைத்தோம். தனியாக வாங்கி ஊற்றிய பிறகு தயிர்த் துளியில் குச்சிகளும் மணிச்சரங்களும் தெளிவாகத் தெரிந்தன. உள்ளே பொட்டு எதுவும் கிடையாது. டிஎன்ஏ இருக்கிறது, அதைச் சுற்றிச் சவ்வு இல்லை.

ரைபோசோமை இதில் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். 2,500 மடங்கு என்று விளம்பரம் செய்யும் மாடலுக்கும் கூடுதல் பணம் தர வேண்டாம். 0.2 மைக்ரானுக்கும் நெருக்கமாக உள்ள இரண்டு புள்ளிகளைச் சாதாரண ஒளியால் பிரித்துக் காட்ட முடியாது, மங்கல்தான் பெரிதாகும்.

இன்னொரு குறை, ஃபோகஸ் செய்யும் பெரிய திருகு சற்று முரடு. மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப் இரண்டு உடைந்தன. 40, 100 மடங்கு லென்ஸ்களில் சின்னத் திருகை மட்டும் தொடுங்கள்.

இப்போது மகள் இட்லி மாவில் ஈஸ்ட் தேடுகிறாள். அரிசி மாவுத் துகள்கள் மறைக்கின்றன. நாளைக்கு இன்னும் தண்ணீர் சேர்த்துப் பார்க்கப் போகிறோம்.