டென்னிஸ் எல்போ: ஊசியா, பயிற்சியா, சும்மா விடுவதா?

ஒரு கனமான புத்தகத்தை மேலிருந்து கவ்வித் தூக்கிப் பாருங்கள். முழங்கையின் வெளிப்பக்கத்தில் சுருக்கென்று குத்துகிறதா? இப்போது அதே புத்தகத்தை அடியில் உள்ளங்கை கொடுத்துத் தூக்குங்கள். வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டால், பெரும்பாலும் டென்னிஸ் எல்போதான்.

மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் ஒரே இடத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. எதையாவது இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு மடங்கிவிடாமல் தாங்குவது அவைதான். அந்த ஒட்டிடத்தில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் தாங்க முடிந்ததற்கு மேல் திரும்பத் திரும்பச் சுமை ஏறினால் அதன் இழைகள் ஒழுங்கு குலைந்து நலிந்துவிடும். தச்சர், பெயிண்டர், நாள் முழுக்க மவுஸ் பிடிப்பவர் என்று இதில் மாட்டுபவர்களில் பெரும்பாலானோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. வயது பெரும்பாலும் 35-லிருந்து 55-க்குள்.

சரி, வந்துவிட்டது. என்ன செய்வது? முன்னால் இருப்பவை மூன்று வழிகள்: ஸ்டீராய்டு ஊசி, பிசியோதெரபி, தானாகச் சரியாகட்டும் என்று விடுவது. இந்த மூன்றையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வுகள் நல்லவேளையாக இருக்கின்றன.

2002-ல் நெதர்லாந்தில் 185 பேரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பிசியோவில் 47, சும்மா விட்டவர்களில் 32. இதோடு கதையை நிறுத்தினால் ஊசிக்கு எதிரியே கிடையாது. ஆனால் 52 வாரம் கழித்து அதே ஆட்களைப் பார்த்தபோது ஊசிக் குழு 69 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. பிசியோ 91, சும்மா விட்டவர்கள் 83.

2006-ல் ஆஸ்திரேலியாவில் 198 பேரிடம் நடந்த ஆய்விலும் இதே கூத்துதான். ஆறு வாரத்தில் ஊசி 78 சதவீதம், பிசியோ 65, சும்மா விட்டவர்கள் 27. அப்புறம் ஊசிக் குழுவில் முதலில் தேறியவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி திரும்பி வந்தது. நான்கில் மூன்று பேர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஏன் இப்படி? பழைய பாடப்புத்தகங்கள் இதை அழற்சி நோயாகப் பார்த்தன. அழற்சிக்கு ஸ்டீராய்டு பொருத்தமான மருந்துதான். ஆனால் நாள்பட்ட டென்னிஸ் எல்போவில் தசைநாணை எடுத்துப் பார்த்தால் அழற்சி செல்கள் அதிகம் தென்படுவதில்லை. தெரிவது நலிந்த இழைகள். ஸ்டீராய்டு வலியை அமுக்குகிறது, இழையைத் திரும்பக் கட்டுவதில்லை. வலி போன தெம்பில் மறுநாளே சுத்தியலைத் தூக்குகிறவர் நலிந்த நாணின் மேல்தான் முழுச் சுமையையும் ஏற்றுகிறார். போதாக்குறைக்கு, ஊசி போட்ட இடத்தில் தோல் மெலிந்து வெளுத்துப் போவதும் சிலருக்கு நடக்கிறது.

“ஊசியும் போட்டுக்கொள்கிறேன், பிசியோவும் செய்கிறேன், இரண்டின் பலனும் கிடைக்குமே” என்று தோன்றுவது இயல்பு. 2013-ல் 165 பேரிடம் இதையும் சோதித்துவிட்டார்கள். ஒரு வருடத்தில் வலி திரும்பியவர்கள் ஸ்டீராய்டு ஊசியில் 54 சதவீதம், மருந்தில்லாத போலி ஊசியில் 12 சதவீதம். ஸ்டீராய்டோடு சேர்த்துச் செய்த பிசியோவால் அந்தச் சரிவைத் தடுக்க முடியவில்லை. ஆகவே என்னைக் கேட்டால் ஊசி கடைசி வரிசை. தள்ளிப்போடவே முடியாத வேலை அடுத்த சில வாரங்களில் இருக்கிறது, பின்னால் வரப்போகும் விலையும் தெரியும் என்பவர் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

இப்போது மிச்சமிருப்பது பிசியோவுக்கும் சும்மா விடுவதற்கும் நடுவே உள்ள போட்டி. இது எண்ணியதைவிடக் கடினமான போட்டி. ஒரு வருடக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு எப்படியும் சரியாகிவிடுகிறது. அப்படியென்றால் பிசியோவுக்கு ஏன் போக வேண்டும்? நடுவில் இருக்கும் மாதங்களுக்காக. ஆறு வாரத்தில் 65-க்கும் 27-க்கும் உள்ள தூரம், கதவுப் பிடியைத் திருகும்போதெல்லாம் முகம் சுளிக்கிறவருக்குச் சின்ன விஷயம் இல்லை. 2006 ஆய்வில் பிசியோ எடுத்தவர்கள் வேறு சிகிச்சை தேடி அலைந்ததும் குறைவு.

சும்மா விடுவது என்றால் பழையபடியே கையைப் போட்டு வாட்டுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் குழுவினருக்கும் வலியைக் கிளப்பும் வேலைகளை எப்படி மாற்றிச் செய்வது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மேலிருந்து கவ்வாமல் அடியில் கைகொடுத்துத் தூக்குவது, கையை நீட்டித் தூக்காமல் முழங்கையை மடக்கி உடம்போடு ஒட்டித் தூக்குவது, ஸ்க்ரூடிரைவரின் பிடியைத் தடிமனாக்குவது, மவுஸைப் பக்கத்தில் இழுத்து வைப்பது. லேசான வலி, வந்து சில வாரம்தான் ஆகிறது என்றால் இவ்வளவே போதும் என்பது என் கருத்து. கையைக் கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் போட்டு முழு ஓய்வு கொடுப்பது மட்டும் கூடாது. சுமையே படாத தசைநாண் இன்னும் பலவீனமாகும்.

பிசியோ என்ற ஒரே பெயருக்குள்ளும் பல சரக்குகள் இருக்கின்றன. அல்ட்ராசவுண்ட், கரன்ட் வைப்பது, ஷாக்வேவ் எனும் அதிர்வலை என்று கருவிகளோடு பத்து நிமிடத்தில் அனுப்பிவிடும் சிகிச்சை ஒன்று. கையால் மூட்டை அசைத்து வலியில்லாத பிடியைக் கொண்டுவந்து, கூடவே பயிற்சியும் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. மேலே சொன்ன 2006 ஆய்வில் நன்றாக வேலை செய்தது இந்த இரண்டாவது வகை: ஆறு வாரத்தில் எட்டு அமர்வு, வீட்டில் பயிற்சி. கருவிகளை மட்டும் நம்பிப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு ஷாக்வேவ் பற்றி 2005-ல் வெளியிட்ட மதிப்பாய்வே, அதனால் பலன் மிகக் குறைவு அல்லது இல்லை என்று சொல்லிவிட்டது.

பயிற்சிகளுக்குள்ளும் எது முதலில் என்ற கேள்வி உண்டு. வலி உக்கிரமாக இருக்கும்போது அசையாப் பயிற்சி நல்லது: முன்கையை மேசையில் வைத்து, புறங்கையை மேல்நோக்கித் தள்ள, மறு கை அதை அசையவிடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். 30 முதல் 45 விநாடி, நான்கைந்து முறை.

அது சுலபமானதும் இறக்கும் பயிற்சி. உள்ளங்கை தரையைப் பார்க்க, மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி உட்காருங்கள். கையில் அரை கிலோ அல்லது ஒரு கிலோ டம்பெல். மறு கையால் அதை மேலே ஏற்றிவிட்டு, வலிக்கிற கையால் மட்டும் மூன்று நான்கு விநாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். பத்து முதல் பதினைந்து முறை, மூன்று சுற்று. மெதுவாக இறங்குவதில்தான் வேலையே இருக்கிறது. பொத்தென்று விழுந்தால் அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டம்பெல்லுக்குப் போட்டியாக வருவது முறுக்கும் ரப்பர் தண்டு. வலிக்கும் கையின் மணிக்கட்டை நிமிர்த்தித் தண்டைப் பிடித்து, மறு கையால் முறுக்கி, இரு கைகளையும் முன்னே நீட்டி, வலிக்கும் கையை மட்டும் மெல்லத் தளர்த்துவது. 2010-ல் 21 பேரிடம் நடந்த சின்ன ஆய்வில், வழக்கமான பிசியோவோடு இதையும் சேர்த்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். எடை ஏற்றும் கணக்கு துல்லியமாக வேண்டுமென்றால் டம்பெல், பையில் போட்டு எங்கும் எடுத்துப் போக வேண்டுமென்றால் தண்டு. எதுவானாலும் வலி பத்துக்கு மூன்று, நான்கைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலையில் வழக்கத்தைவிட அதிகமாக வலித்தால் எடையைக் குறையுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். பாதிப் பேர் மூன்றாவது வாரத்திலேயே “இது வேலைக்காகாது” என்று விட்டுவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

எல்போ பட்டை துணைக்கு மட்டும். முழங்கைக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி, சதை திரண்டிருக்கும் இடத்தில் கட்ட வேண்டும். வலிக்கிற புள்ளி மேலேயே கட்டுபவர்கள்தான் அதிகம். வேலை செய்யும்போது போட்டுக்கொண்டு, தூங்கும்போது கழற்றிவிடுங்கள். விரல் மரத்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். பூசும் வலிநிவாரண ஜெல் சில நாளைக்கு உதவும். சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துச் செலுத்தும் பிஆர்பி ஊசி செலவு பிடித்தது. 2021-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, அதனால் வலியிலோ இயக்கத்திலோ சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை என்றே முடித்தது.

சச்சின் 2005-ல் அறுவை செய்துகொண்டதால் முற்றினால் கத்திதான் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 26 பேரில் பாதிப் பேருக்கு நலிந்த தசைநாணை வெட்டி எடுத்தார்கள். மீதிப் பேருக்குத் தோலைக் கீறித் திறந்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். இரண்டு குழுவும் ஒரே அளவில் தேறியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஆறு மாதம், ஒரு வருடம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்க்காமல் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

இந்த ஒப்பீடு எல்லாம் உண்மையிலேயே டென்னிஸ் எல்போவாக இருந்தால் மட்டும். விரல்கள் மரத்துப்போவது, கழுத்திலிருந்து வலி இறங்குவது, மூட்டு வீங்கிச் சுடுவது, கை பாதியில் பூட்டிக்கொள்வது, விழுந்து அடிபட்ட பிறகு தொடங்கிய வலி இவற்றில் எது இருந்தாலும் டம்பெல்லை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.