ஓய்வுக்கு அப்புறம் மருத்துவச் செலவு: பாலிசி எவ்வளவு தாங்கியது?

மணலியில் கம்பெனி வேலையிலிருந்து 2018-இல் ஓய்வு பெற்றேன். வேலையில் இருக்கும்போதே எனக்கும் மனைவிக்கும் சொந்தமாக ஒரு மெடிக்கல் பாலிசி எடுத்து, இன்றுவரை விடாமல் கட்டி வருகிறேன். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கும்போது இது எதற்கு என்று பலர் கேட்டார்கள். அது வேலையோடு போய்விடும். அப்புறம் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சுகர், பிரஷருக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அதுவரை அந்த நோய்களுக்குப் பணம் கிடைக்காது. இப்போது அதிகபட்சம் 3 வருடம். 60-க்கு மேல் எடுக்கும் பல பாலிசிகளில் கோ-பே வேறு, பில்லில் ஒரு பங்கு நம் தலையில் விழும். எனக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

மனைவிக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது கேஷ்லெஸ் கிடைத்தது, அதாவது பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டியது. நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை வரவில்லை. இந்த ஒன்றுக்காகவே பாலிசியை விடமாட்டேன்.

இன்சூரன்ஸ் டெஸ்க்கில் நான் முதலில் கேட்டது, "எங்க பாலிசிக்கு எந்த ரூம்?" என்றுதான். வாடகை வரம்பு ஒரு நாளைக்கு 5,000 என்று வையுங்கள். 10,000 ரூபாய் ரூமில் சேர்ந்தால் வாடகை வித்தியாசத்தோடு முடியாது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் என்று எல்லாவற்றிலும் பாதிதான் தருவார்கள். மருந்து, ஸ்டென்ட், பரிசோதனை போன்றவற்றுக்கு இந்த வெட்டு கிடையாது. கவனமாக இருந்தும் டிஸ்சார்ஜ் அன்று கையுறை, மாஸ்க், ஃபைல் சார்ஜ் என்று ஒரு நீளப் பட்டியலுக்குக் கையிலிருந்துதான் கொடுத்தோம்.

பிரீமியம்தான் பெரிய வருத்தம். ஒரு வருடம் திடீரென்று ஏற்றியதில் என் பென்ஷன் ஆடிப்போனது. 60 வயது தாண்டியவர்களுக்கு ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் முதலில் தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) உத்தரவிட்டது. அதே வருடம் செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் போனது. இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

ஆனால் மாதாமாதம் கையைக் கடிப்பது ஆஸ்பத்திரிப் பில் இல்லை. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, எக்கோ, பல் வைத்தியம். இதில் ஒன்றுக்கும் என் பாலிசி பைசா தராது. பிஎஃப் பணத்தில் ஒரு பகுதியை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டி மருந்துக்கு மட்டும். பேரன் பிறந்தநாளுக்குக்கூடத் தொடுவதில்லை. டாக்டரிடம் கம்பெனி பிராண்டு இல்லாமல் ஜெனரிக் பெயரில், அதாவது மருந்தின் பொதுப் பெயரில் எழுதி வாங்கி, தமிழக அரசின் முதல்வர் மருந்தகத்தில் வாங்குகிறேன். செலவு நன்றாகவே குறைந்திருக்கிறது.

இன்னொன்று, நம் பக்கத்துத் தொழிலாளிகள் பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு ஆதங்கம். 5 வருடமாவது இஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) இருந்து, அதில் இருக்கும்போதே வயது முடிந்து ஓய்வு பெற்றவர்கள், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் இஎஸ்ஐ சிகிச்சை தொடரும். அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி நமக்குப் பக்கம்தான். பழைய கார்டையும் கம்பெனி கொடுத்த ஓய்வுக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.