பாளையங்கோட்டையில் ஒரு கராத்தே டிரெஸ் தைத்த அனுபவம்

இந்த ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போயிருந்த இரண்டு வாரத்தில் ஐந்து முறை ஒரே தையல் கடையின் படியேறியிருக்கிறேன். நெல்லையப்பர் கோயில், திருச்செந்தூர், குற்றாலத்துச் சாரல் எல்லாம் நல்லபடியாகவே அமைந்தன. அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் பாளையங்கோட்டையின் ஒரு குறுக்குத் தெருவில், மூன்று தலைமுறையினர் சேர்ந்து கராத்தே டிரெஸ் தைக்கும் அந்த வீட்டைப் பற்றித்தான்.

என் மகளுக்கு வயது பதின்மூன்று. 2021 ஆகஸ்டில் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்பெயினின் சாந்த்ரா சாஞ்செஸும் ஜப்பானின் ஷிமிசு கியோவும் மோதிய கட்டா (எதிராளி இல்லாமல் தனியாகச் செய்துகாட்டும் அசைவு வரிசை) இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அந்த உடையின் கை காற்றில் 'சளார்' என்று அடிக்கும் ஓசைக்காகவே வகுப்பில் சேர்ந்தவள் அவள். இப்போது பிரவுன் பெல்ட், கறுப்புக்கு முந்தைய நிலை. தோள் அகலமும் கை குட்டையும் என் அப்பா வழியில் அவளுக்கு வந்தவை. சிங்கப்பூரில் இந்த உடை உயரக் கணக்கில்தான் கிடைக்கும். 150 வாங்கினால் தோள் பிடிக்கிறது, 160 வாங்கினால் உள்ளங்கை பாதி மறைகிறது. போட்டி விதிப்படி மேற்சட்டையின் கை, மணிக்கட்டு மடியும் இடத்தைத் தாண்டக் கூடாது, முன்கையின் பாதிக்கு மேலே ஏறவும் கூடாது, சுருட்டி மடித்துவிடவும் கூடாது. மார்ச் மாதப் போட்டியில் மடித்துவிட்டிருந்த கையை நடுவர் இறக்கிவிடச் சொன்னார். விரல் நுனி மட்டும் தெரிய அவள் கட்டா செய்து முடித்துவிட்டு வந்து என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றைக்கே பாளையங்கோட்டையில் தைத்து வாங்கிவிடுவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

ஏனென்றால் 1993இல் என் முதல் டிரெஸ்ஸைத் தைத்தவர்கள் அவர்கள்தான். பள்ளியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர், எங்கள் ஐந்து பேரையும் ஒரு சனிக்கிழமை அந்த வீட்டுக்கு அனுப்பினார். முன்னறையில் இரண்டு மெஷின், தார்சாவில் வெட்டுகிற மேசை, நடு வீட்டில் சாப்பாடு. கடைக்காரரான அண்ணாச்சி அதற்கு முன்பு பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவர். யாரோ கொண்டுவந்த பழைய ஜூடோ கோட்டு ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டாராம். அவர் தொடங்கிய இடம் சரியான இடம்தான். 1922இல் ஒகினாவாவிலிருந்து தோக்கியோ சென்று கராத்தேயைச் செய்துகாட்டிய ஃபுனகோஷி கிச்சின் காலத்தில், கானோ ஜிகோரோவின் ஜூடோ உடையைப் பின்பற்றி உருவானதே கராத்தே உடையும். ஜூடோவில் எதிராளி சட்டையைப் பிடித்து இழுப்பதால் அதற்குத் தடித்த நெசவு வேண்டும். கராத்தேக்கு அது தேவையில்லை. அதனால் அண்ணாச்சி ஈரோட்டுக் காடாத் துணிக்கு மாறினார். எனக்கு அன்று தைத்தது சதுர கஜத்துக்கு எட்டு அவுன்ஸ் எடையுள்ள மெல்லிய துணி. மூன்று ஆண்டு உழைத்தும் அதில் ஒரு தையல் விட்டதில்லை.

முதல் திங்கட்கிழமை காலையிலேயே போய்விட்டோம். அண்ணாச்சிக்கு வயது எண்பதை நெருங்கினாலும் என்னைப் பார்த்ததும் மாஸ்டர் பெயரைச் சொல்லி, "அந்த அஞ்சு பிள்ளைகள்ல நீ எந்தப் பிள்ள?" என்றுதான் கேட்டார். இப்போது கடையை நடத்துவது அவருடைய மகன்; நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். வெட்டுவதும் கணக்கும் அவர் பொறுப்பு. பெல்ட் முழுவதும் மருமகள் கையில் இருக்கிறது. பருத்திப் பட்டையை மடித்து நீளவாட்டில் எட்டு வரி ஓட்டுகிறார், ஒரு வரிகூட அடுத்ததை நெருங்குவதில்லை. ஆச்சி கால்சட்டைக்கு நாடா கோர்க்கிறார். ஊக்கில் நாடா முனையைக் குத்தி, இடுப்புப் பட்டிக்குள் விட்டு, துணிக்கு மேலாகவே விரலால் தள்ளிக்கொண்டு போய் மறுபக்கம் எடுக்கும்வரை அவர் கண் வாசலில் போகிறவர்கள் மேல்தான் இருந்தது.

அளவு எடுத்த விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. இஞ்ச் டேப்பால் தோள், கை, இடுப்பு, கால் எல்லாம் எடுத்துக் குறித்த பிறகு, அண்ணாச்சி நாற்காலியில் இருந்தபடியே, "பாப்பா, ஒரு உதை உதைச்சுக் காட்டு" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். மேசையை இருவர் ஓரமாக நகர்த்தினார்கள். அவள் ஒரு மவாஷி கேரி, அதாவது பக்கவாட்டில் சுழற்றி உதைக்கும் உதை, போட்டாள். "அப்படியே காலை நிறுத்து" என்றவர் எழுந்து வந்து, அவள் போட்டிருந்த கால்சட்டை எங்கே இழுக்கிறது என்று தொடையருகே துணியைச் சுட்டிக்காட்டி மகனிடம் ஏதோ சொன்னார். அவள் வலது காலைத் தூக்கும்போது இடுப்பு சற்று அதிகமாகத் திரும்புகிறதாம். அதனால் கவட்டில் வைக்கும் சாய்சதுரத் துண்டை அரை அங்குலம் பெரிதாக வெட்ட வேண்டுமாம். நான்கு ஆண்டுகளாக அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் போன மாதம்தான் இதே இடுப்புத் திருப்பத்தைத் திருத்தச் சொல்லியிருந்தார். சிங்கப்பூரில் எந்தக் கடையிலும் என் மகளை உதைத்துக் காட்டச் சொன்னவர் இல்லை.

துணி பன்னிரண்டு அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம். கட்டா செய்கிறவர்களுக்கு அந்த எடையில்தான் ஓசை வரும். விலை 2,200 ரூபாய், முன்பணம் ஆயிரம். "சனிக்கிழம சாயங்காலம் வாங்கக்கா, ரெடியா இருக்கும்" என்று தம்பி சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை போனபோது துணி இன்னும் வெட்டப்படவே இல்லை. மொட்டைமாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார்கள். எங்கள் துணி ஐந்து மீட்டரும் கொடியில் ஆனிக் காற்றில் பாய்மரம் போல அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் தொட்டியில் ஊறியது, ஒரு நாள் காய்ந்தது, மறுபடியும் ஊறியது, இப்போது இரண்டாவது முறையாகக் காய்கிறது. "துணி தண்ணி குடிக்காம கத்திரி வைக்கக் கூடாதும்மா. மீட்டருக்கு ஆறு, ஏழு சென்டி இழுக்கும். தைச்ச பெறவு இழுத்தா பிள்ள கை முழங்கைக்கு வந்துரும்" என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. ஆனால் துணி இரண்டு முறை ஊற வேண்டும் என்பது திங்கட்கிழமையே அவர்களுக்குத் தெரியும். நாற்பது ஆண்டாக அதையே செய்கிறவர்கள் சனிக்கிழமை என்று ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? சிங்கப்பூரில் ஒரு பொட்டலம் அனுப்பினால் அது எந்தக் கிடங்கில் இருக்கிறது, எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும் என்பது கைப்பேசியில் வந்துவிடுகிறது. அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கும் டிரெஸ் என் மகளுக்குப் பொருந்துவதில்லை என்பதும் உண்மைதான். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கக் கூடாதா என்ற ஆதங்கத்தோடு படியிறங்கினேன்.

செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காக அந்தப் பகுதியில் காலை முதல் மின்தடை. மெஷின்கள் எல்லாம் மோட்டாரில் ஓடுபவை. அதோடு பள்ளிக்கூடம் திறந்த நேரம்; சீருடைத் துணி கூரைவரை அடுக்கிக் கிடந்தது. கராத்தே டிரெஸ் மட்டும் தைத்து ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்த முடியாதாகையால், மே, ஜூனில் சீருடையும் எடுக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைப்பதும் அதே ஜூனில்தான், அவர்களுக்கு மூச்சு விட நேரமில்லாததும் அதே ஜூனில்தான். தம்பி தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "நாளைக்கு முடிச்சிருவோம்க்கா" என்றார். அந்த 'நாளைக்கு' என்ன என்பது ஊரில் வளர்ந்த யாருக்கும் தெரியும். எனக்கு வெள்ளிக்கிழமை இரவு திருவனந்தபுரத்தில் விமானம்.

புதன்கிழமை முழுவதும் போகாமல் பொறுத்திருந்து வியாழக்கிழமை மதியம் போனேன். கையில் கொடுத்தார்கள். அவ்வளவு அழகான தையலை அண்மையில் நான் பார்த்ததில்லை. காலர்ப் பட்டியில் வரிகள் நூல் பிடித்தாற்போல் ஓடின. மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பெருமாள்புரத்தில் அம்மா வீட்டுக்கு வந்து மகளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தோள் பொருந்தியது, கை மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றது. ஆனால் சட்டையின் முன்பக்கங்கள் விலகாமல் பிடித்துக் கட்டும் உள்நாடாவைக் கட்ட முடியவில்லை. இடப்பக்கத்தை மேலே போட்டால் கட்ட வேண்டிய நாடா இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வலப்பக்கத்தை மேலே போட்டபோதுதான் நாடாக்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன.

வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். கராத்தே கற்றவர்களுக்கு அப்படியில்லை. ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் இடப்பக்கம்தான் வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். ஜப்பானில் வலப்பக்கத்தை மேலாகப் போட்டு உடுத்துவது இறந்தவர்களுக்குத்தான். முப்பது ஆண்டுக்கு முன்பு இதை எனக்குச் சொல்லி, நானே தவறாகக் கட்டிக்கொண்டு நின்றபோது அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டவர் இதே அண்ணாச்சி. அந்த வீட்டிலிருந்தே இப்படி ஒரு டிரெஸ் வந்து, அது என் மகள் உடம்பிலும் ஏறிவிட்டதே என்று எனக்கு நெஞ்சு படபடத்தது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

இரவு எட்டு மணிக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். கடை அடைத்திருந்தது, வீட்டுக் கதவைத் தட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்து, முகம் சுருங்கிப் போனார். சீருடை வேலைக்காகப் புதிதாகச் சேர்ந்த பையன், பெண் பிள்ளைக்கான சட்டை என்று சீட்டில் பார்த்துவிட்டு, பெண்கள் சட்டைக்கு வைக்கிற பக்கத்தில் நாடாவை வைத்துவிட்டான். அவனைத் திட்ட வாயெடுத்த மகனை அண்ணாச்சி கையமர்த்தினார். "சொல்லிக் குடுக்காதது நம்ம தப்பு" என்று சொல்லிவிட்டு விளக்கைப் போடச் சொன்னார்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அரை பிளேடால் இரண்டு பக்கத் தையலையும் இரண்டிரண்டு அங்குலம் பிரித்தார். ஒரு நூலைக்கூட இழுத்து அறுக்கவில்லை; மூன்று தையலுக்கு ஒன்றாக வெட்டி, பின்னால் திருப்பி, நூலை முழுதாக உருவினார். வெளியில் இருந்த இடப்பக்க நாடாவை உள்ளே திருப்பினார், உள்ளே இருந்த வலப்பக்க நாடாவை வெளியே எடுத்தார். தைக்கும்போது மோட்டாரைப் போடவில்லை. சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, ஊசி பழைய துளையிலேயே இறங்குகிறதா என்று ஒவ்வொரு தையலுக்கும் குனிந்து பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆனது. முடித்ததும் என்னையே போடச் சொல்லி, இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து நாடாவைக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் மடித்துக் கொடுத்தார். முன்பணத்தைத் திருப்பித் தர வந்தார், நான் வாங்கவில்லை.

வாசல்வரை வந்த தம்பியிடம் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். இதைவிட நல்ல கராத்தே டிரெஸ்ஸை நான் எங்கேயும் வாங்கப் போவதில்லை. சிங்கப்பூரில் இதற்கு மூன்று மடங்கு கொடுத்தாலும் என் மகளை உதைக்கச் சொல்லிப் பார்த்துத் தைப்பவர் கிடையாது. ஆனால் பத்து நாள் ஆகும் என்றால் பத்து நாள் என்றே முதல் நாள் சொல்லுங்கள், நாங்கள் மறுக்க மாட்டோம் என்றேன். "பத்து நாள்னா வேற கடைக்குப் போயிருவாங்கன்னு ஒரு பயம்க்கா" என்றார். பாளையங்கோட்டையில் வேறு எங்கே போவது என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. மகளின் அளவுச் சீட்டை அவரிடமே விட்டுவந்திருக்கிறேன். டிசம்பரில் என் தம்பி ஊருக்குப் போகிறான். அடுத்ததற்கு நவம்பர் முதல் தேதியே சொல்லிவிடுவேன்.

இங்கே வந்து மூன்று முறை துவைத்தாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை டேப் வைத்து அளந்து பார்த்தேன். கை மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே, முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறது.