ஒரே ஒரு தூண்டில் ராடு வாங்குவதென்றால்: மீடியமா, மீடியம் ஹெவியா?

அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்கள் எல்லா வேலைக்கும் ஆகுமென்று எடுப்பது 7 அடி, மீடியம் பவர் (நடுத்தர விறைப்பு), ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (நுனிப்பகுதி மட்டும் வளையும்) ஸ்பின்னிங் ராடு (நரம்பு சுற்றும் ரீல் கீழே தொங்கும் வகை). ஆசியக் கடல் பாஸ் என்கிறார்களே, அது நம் கொடுவாதான். முட்டுக்காட்டிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் கொடுவா தேடுபவர்கள் பலர், பெரிய மீனாச்சே என்று அதைவிட விறைப்பான மீடியம் ஹெவிக்குப் போகிறார்கள். நான் மீடியத்தைத்தான் சொல்வேன்.

முதல் காரணம் லூரின், அதாவது போலி இரையின், எடை. இங்கே அதிகம் வீசுவது 10 கிராம் ஜிக் ஹெட்டில் (எடைத் தலை வைத்த கொக்கியில்) கோத்த மூன்று அங்குல ரப்பர் மீன். அந்த எடைக்கு மீடியத்தின் நுனி நன்றாக வளைந்து, நிமிரும் வேகத்தில் லூரைத் தள்ளிவிடும். மீடியம் ஹெவியின் நுனி அதற்கு அசைந்தே கொடுக்காது. கை பலத்தால்தான் எறிய வேண்டும். மதியக் கடற்காற்று எதிரே அடிக்கும்போது இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்.

அடுத்தது மீனின் குணம். கொக்கி பட்டதும் கொடுவா தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும். அந்த நொடியில் தூண்டில் நரம்பு தளர்ந்தால் கொக்கி தெறித்துவிடும். மீடியத்தின் நுனி மீனோடு சேர்ந்து வளைந்து நிமிர்வதால் நரம்பு இறுக்கமாகவே இருக்கும்.

ஏரியில் தாமரைக்கொடிக்குள் தவளை லூர் போட்டு விரால் பிடிப்பவர்களுக்கு இது பொருந்தாது. கொடியோடு சேர்த்து இழுத்து வெளியே எடுக்க மீடியம் ஹெவிதான் வேண்டும்.

முழுக் கார்பனா, கண்ணாடியிழை கலந்ததா? அக்லி ஸ்டிக் போன்ற கலப்பு ராடுகள் அடி தாங்கும். இறால் கோத்துப் போட்டுக் காத்திருப்பவர்களுக்கு அவை தாராளமாகப் போதும். லூர் வீசுபவர்களுக்குக் கார்பன். காலை முழுக்கக் கையில் பிடித்திருக்க எடை குறைவு, லூர் தரை தட்டுவதும் மீன் லேசாகத் தொடுவதும் உள்ளங்கையில் தெரியும். டூவீலரில் போகிறவர்கள் இரண்டு துண்டு ராடே வாங்குங்கள்.

கடையிலேயே, ராடில் நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுழற்றிப் பாருங்கள். எங்கேயாவது பஞ்சிழை மாட்டினால் உள்ளே கீறல் இருக்கிறது. பிரெய்டை (பின்னல் நரம்பை) அது அறுத்துவிடும். உப்புத் தண்ணீரில் பயன்படுத்திய அன்றே வளையங்களை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

இந்த ராடுக்கு 3000 அளவு ரீல், 20 பவுண்டு பிரெய்டு, முன்னால் 30 பவுண்டு லீடர் (கொக்கிப் பக்கம் கட்டும் தடித்த நரம்பு) சரியாக இருக்கும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி, லீடரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.