பின் அடிச்ச கத்தி, ஸ்க்ரூ போட்ட கத்தி: ரெண்டையும் ஏழு வருஷம் வச்சுப் பாத்ததுல

மடக்குக் கத்தி வாங்கப்போறேன்னு யார் கேட்டாலும் "ஸ்க்ரூ போட்டதா பாத்து வாங்கு, கழட்டி சுத்தம் பண்ணிக்கலாம்"னு சொல்ற ஆளுதான் நானும். இப்ப அப்படி சொல்ல வாய் வரல, லாக்பேக், அதாவது முதுகுல பூட்டு இருக்கற கத்தி விஷயத்துல மட்டுமாவது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

என்கிட்ட இருக்கறது பக் 110, அது பின் அடிச்சது, அதாவது ஸ்க்ரூவுக்குப் பதிலா ஆணி மாதிரி ஒரு பின்னை அடிச்சு இறுக்கினது. இன்னொன்னு ஸ்பைடர்கோ டெலிகா 4, அது ஸ்க்ரூ. ரெண்டுக்கும் முதுகுல ஒரு பட்டை இருக்கும், அதை அழுத்தினாத்தான் மடங்கும். நான் இருக்கறது ஒன்டாரியோல, குடோன் வேலை, அட்டைப்பெட்டி பிரிக்க நாள் முழுக்க டெலிகா, லீவ் நாள்ல மீன் பிடிக்கப் போனா பக். சிம்கோ ஏரி உறைஞ்சதும் ஐஸ்ல ஓட்டை போட்டு பெர்ச் பிடிப்போம், அந்தக் குளிர்ல க்ளவுஸ் போட்ட கைக்கு 200 கிராம் பித்தளைக் கத்திதான் பிடி கிடைக்குது, 70 கிராம் டெலிகா கையில இருக்கறதே தெரியாது.

பக் 1964ல வந்த டிசைன். 420ஹெச்சி ஸ்டீல், மூணே முக்கால் இஞ்ச் ப்ளேடு. ப்ளேடு சுத்தற பின்னை ரெண்டு பக்கமும் தட்டி விரிச்சு, பித்தளையோட சமமா தேய்ச்சு விட்டிருப்பாங்க, அது எங்க இருக்குன்னே கண்ணுக்குத் தெரியாது. நான் ஒருநாள் வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சுப் பாத்து, நிறம் கொஞ்சம் மாறின ஒரு மெல்லிசு வட்டத்தைக் கண்டுபிடிச்சேன், அவ்வளவுதான். எங்க தாத்தாவோட பாக்குவெட்டியும் இதே வேலைதான், ஆட ஆரம்பிச்சா ஆணித்தலையில சுத்தியால ரெண்டு தட்டு தட்டுவார், முடிஞ்சது.

வாங்கின புதுசுல பக்கைப் பாத்து ஒரு பயம் இருந்துச்சு, மீன் செதில், ரத்தம் எல்லாம் உள்ள போச்சுன்னா எப்படி எடுக்கறதுன்னு. எடுக்கவே வேண்டியதில்லைன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. லாக்பேக் கத்திக்கு வயித்துப் பக்கம் முழுக்கத் திறந்துதான இருக்கு, வெதுவெதுப்பான தண்ணில பாத்திர சோப்பைக் கலந்து உள்ள முக்கி பத்து இருபது தடவை திறந்து மூடினா அழுக்கு தானா வெளிய வந்துரும், பழைய டூத் ப்ரஷ்ஷால ஒரு தேய் தேய்ச்சு, ஹேர் ட்ரையர்ல நல்லாக் காய வச்சு, ப்ளேடு சுத்தற பின் இருக்கற இடத்துல ஒரு சொட்டு மினரல் ஆயில். ஒன்னே ஒன்னுதான் முக்கியமாப் பாக்கணும், பட்டையோட மூக்கு போய் உக்காரற பள்ளம். அங்க பாக்கெட் பஞ்சு அடைஞ்சா பூட்டு முழுசா விழாது, விழுந்த மாதிரி சத்தம் மட்டும் வரும், அதுதான் ஆபத்து. ஒரு பல்குச்சி போதும் அதுக்கு.

இப்ப டெலிகா. கத்தி மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஆட்டையைக் கலைச்சது நான்தான். 1990ல வந்த முதல் டெலிகாவே பின் அடிச்சதுதான், ஸ்க்ரூவெல்லாம் பின்னாடி வந்த மாடல்லதான். ஸ்க்ரூ இருந்தா கை சும்மா இருக்குமா? பிவட்டை, அதாவது ப்ளேடு சுத்தற இடத்து ஸ்க்ரூவை, கொஞ்சம் லூஸ் பண்ணினா வழுவழுன்னு திறக்குது, ரெண்டு நாள்ல ப்ளேடு பக்கவாட்டுல ஆடுது, மறுபடி டைட், மறுபடி லூஸ், இப்படியே ஒரு வருஷம் நோண்டினதுல ஸ்க்ரூ ஒரு இடத்துல நிக்கவே மாட்டேன்னுச்சு. சரின்னு ஸ்க்ரூ கழலாம பிடிக்கற பசை, நீல லாக்டைட் வாங்கி தாராளமா விட்டேன். ஒரு சின்ன புள்ளி வைக்க வேண்டிய இடத்துல நான் தேன் ஊத்தற மாதிரி ஊத்திட்டேன், அது வழிஞ்சு ப்ளேடு சுத்தற இடத்துக்கே போயிருச்சு. அடுத்த நாள் காலைல கத்தி திறக்கல.

அப்பதான் முதல் தடவையா முழுசாக் கழட்டினது. கழட்டறது சுலபம்தான், மாட்டறதுலதான் சங்கதி. லைனர் லாக் கத்தின்னா (உள்பக்கத் தகடு வந்து ப்ளேடைப் பூட்டற வகை) ப்ளேடை வச்சு மேல தட்டை மூடினா வேலை முடிஞ்சது, இதுல முதுகுல ஒரு ஸ்பிரிங் பட்டையைத் தள்ளிக்கிட்டே இருக்கும், ஒரு கையால அதை அமுக்கிக்கிட்டு இன்னொரு கையால ஓட்டையெல்லாம் நேரா வர வைக்கணும், மூணாவது கை இருந்தா ஸ்க்ரூ போடலாம். ஸ்பிரிங் ரெண்டு தடவை பறந்து சோபாவுக்கு அடியில போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா அதுலயே போச்சு, வீட்ல யாரும் என்கிட்ட பேசல.

இத்தனை பாடுபட்டதுக்கு லாபம் என்னன்னு பாத்தா அங்கதான் எனக்கு உறைச்சது. ஸ்க்ரூவால சரி பண்ண முடியறது பக்கவாட்டு ஆட்டம் மட்டும்தான். லாக்பேக்ல நாள்பட வர்ற ஆட்டம் மேலயும் கீழயும் வர்றது, ப்ளேடு முனையைப் பிடிச்சு அசைச்சா ஒரு மயிரிழை டக்டக்குன்னும். அது பட்டையோட மூக்கும் ப்ளேடோட பள்ளமும் உக்காரற இடத்துல வர்ற தேய்மானம், இல்ல பட்டையைத் தாங்கற நடுப் பின்னோட ஓட்டை இடைவெளி. பிவட்டை என்னதான் இறுக்கினாலும் அது போகாது, திறக்கறது டைட் ஆகும், அவ்வளவுதான். என் ரெண்டு கத்திலயும் இப்ப அந்த டக்டக் கொஞ்சம் இருக்கு, ஏறக்குறைய ஒரே அளவுல.

பின் எப்பவுமே ஜெயிக்கும்னு சொல்ல வரல. பேர் ஊர் இல்லாத ஒரு மலிவுக் கத்தி பின் அடிச்சது வாங்கினேன், ஆறு மாசத்துல லொட லொடன்னு ஆச்சு. தாத்தா பேரன்தானேன்னு இரும்புத் துண்டு மேல வச்சு சின்ன சுத்தியால தட்டினேன், மூணாவது தட்டுல சரியாச்சு, நாலாவது தட்டு தட்டாம இருந்திருக்கணும். இப்ப அதைத் திறக்க ரெண்டு கை வேணும். ஸ்க்ரூன்னா கால் திருப்பு பின்னாடி போயிருக்கலாம், பின்ல அதுக்கு வழியே இல்ல. பக்குக்கு அந்த மாதிரி ஏதாவது ஆனா ஐடஹோல இருக்கற கம்பெனிக்கே அனுப்பணும், வாழ்நாள் வாரண்டி இருக்கு, ஆனா பார்டர் தாண்டி பார்சல் போயிட்டு வரணும்ல.

கனடால இருக்கறவங்களுக்கு ஒன்னு: கையை உதறினா திறக்கற கத்தி இங்க சட்டப்படி தடை. ஸ்க்ரூ இருக்குன்னு பிவட்டை ரொம்ப லூஸ் பண்ணி உதறிப் பாக்கற விளையாட்டெல்லாம் வேண்டாம்.

டெலிகாவை மாட்டினப்ப, இனிமே எதுவும் கழலக் கூடாதுன்னு எல்லா ஸ்க்ரூக்கும் லாக்டைட் வச்சிருந்தேன், பிவட்டுக்கு மட்டும் வச்சா போதும்னு அப்ப தெரியாது. போன வருஷம் திரும்பக் கழட்டலாம்னு நட்சத்திர முனை டார்க்ஸ் பிட்டை விட்டேன், மலிவு செட், சைஸும் அரை மனசாத்தான் உக்காந்துச்சு, ஒரு திருகல்ல ஸ்க்ரூ தலை வட்டமாயிருச்சு. இப்ப அதுவும் பின் அடிச்ச கத்தி மாதிரிதான், பக்கோட சேத்து அதே சோப்புத் தண்ணில முக்கி எடுக்கறேன்.